இருபதாவது நிமிடத்தில்

அத்தியாயம் 17

போன வாரம் டோரினைப் பாமன்கடைச் சந்தியில் மழைக்குள் நிறுத்திவிட்டுப் போய்விட்டோம். பாவம், நனைந்தது போதும். அவள் அறைக்குப் போய், தலை துவட்டி, படுத்து, எழும்பியும் விட்டாள். இன்று வெள்ளிக்கிழமை. நவம்பர் மாதம், 2008.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனை புளோறன்ஸுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் டோரின், முப்பத்தொரு வயது, வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் வேலை. இளையவன் கிளெமென்ற். ரோட்டில் இறங்கினால் ஆமி எங்கே மறிக்குமோ, எங்கே பிடித்து ஏற்றுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவன், போன வருடம் மாசியில் ஒரு ஏஜென்றைப் பிடித்து வெளிநாட்டுக்குக் கிளம்பினான். ஏஜென்றின் நம்பரைத் தேடிக் கொடுத்தவள் டோரின். அதே வருடம் செப்டெம்பரில் பாங்கொக்கிலிருந்து ஒருதடவை பேசினான். அத்தோடு சரி.

ஒரு மாதம் பொறுத்திருந்த புளோறன்ஸ் ஒருநாள் மகளைப் பார்த்து, “நீதான் அவனை அனுப்பினனீ. என்ர கண்ணுக்கு முன்னால இராதை” என்றாள். கோபத்தில் சொல்கிற பேச்சை யாராவது சட்டமாக எடுப்பார்களா? டோரின் எடுத்தாள். இரண்டு பைகளோடு பாமன்கடையில் ஒரு அறைக்கு வந்து, போன் நம்பரையும் மாற்றி, பதின்மூன்று மாதம். அம்மாவும் போன் எடுக்கவில்லை, மகளும் எடுக்கவில்லை. ரோஷத்தில் இரண்டுபேரும் ஒரே அச்சு.

காலை எழுந்ததும் டோரின் றேடியோவைப் போடுவாள். செய்தி கேட்பதற்கல்ல. குளித்துவிட்டு வரும்போது அறைக்குள் யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றும் போட்டாள். முதல்நாள் வாங்கிய பாணைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டாள். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் பைக்குள் வைத்தாளா என்று இரண்டுதடவை பார்த்துக்கொண்டு இறங்கினாள்.

பாலத்தடியில் ஆமிக்காரன் மறித்தான்.

“கொஹெத யன்னே?” எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.

“ஒபிஸ் எகட்ட.”

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அன்றைய நாளில் அவளோடு முதன்முதலாகப் பேசிய மனிதன் அவன்தான். சில நாட்களில் கடைசியாகப் பேசுகிறவனும் அவனாகத்தான் இருப்பான்.

காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். முதலாளி ஷிப்லி. கூட வேலைசெய்யும் றமீலா. பிறகு டோரின். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் தேடல் நிலையத்துக்கு ஒரு இணையத்தளம் செய்துகொடுத்திருந்தார்கள். பிள்ளையையோ புருஷனையோ தொலைத்தவர்கள் அதில் விபரம் எழுதி அனுப்பினால், அந்தந்த நாட்டிலுள்ள கிளைகள் ஜெயில்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் தேடும். பாங்கொக்குக்குப் போகிற பட்டியல் இன்று நாலு மணிக்கு மூடுகிறது. தவறவிட்டால் அடுத்தது ஆறு மாதத்துக்குப் பிறகு.

இதில் ஒரு கொடுமை. விண்ணப்பம் எழுத பெற்றோருக்கும் கணவன் மனைவிக்கும் மட்டுமே உரிமை. அக்காமாருக்கு இல்லை. எழுதப்பட்டதை, தளத்தைச் செய்தவர்கள் திறந்து பார்க்கவும் கூடாது. தான் கட்டிய வீட்டின் வாசலில் தானே நிற்கிற கதை. ஒரு மாதத்துக்கு முன் டோரின் அந்த நிலையத்தின் துண்டுப்பிரசுரம் ஒன்றை உறையில் போட்டுக் கொட்டாஞ்சேனைக்குத் தபாலில் அனுப்பினாள். கூட ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பதிலும் வரவில்லை.

இப்போது அவள் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது 417.

யார் எப்போது வந்தார்கள், எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பதைத் தளம் தானாகவே பதிந்துவைக்கும். பெயர் இருக்காது, இலக்கம்தான். இந்த 417 பத்து நாளாகக் காலை பத்து மணிக்கு வருகிறது. மூன்றாம் பக்கத்தைத் திறக்கிறது. ‘நடந்ததை உங்கள் சொற்களில் எழுதுங்கள்’ என்று கேட்கிற பக்கம் அது. பிறகு அரை மணித்தியாலம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ‘அனுப்பு’ என்பதை அழுத்துகிறது. உடனே வாசலுக்கு எறியப்படுகிறது. மறுநாள் பத்து மணிக்குத் திரும்ப வருகிறது.

என்ன நடக்கிறது என்று டோரினுக்குத் தெரியும். உள்ளே வருகிறவருக்குத் தளம் ஒரு அனுமதிச்சீட்டுக் கொடுக்கிறது. இருபது நிமிடம் எந்தப் பட்டனையும் அழுத்தாவிட்டால் ஆள் எழும்பிப் போய்விட்டார் என்று சீட்டைக் கிழித்துவிடும். போன் பேசவும் கொம்பியூட்டர் பார்க்கவும் போகிற கொமியூனிக்கேஷன் கடைகளில் ஒருவர் திறந்தபடி விட்டுப்போனதை அடுத்தவர் வாசித்துவிடக் கூடாதே. அந்தக் காலத்தில் மகன் எங்கே, எப்படிப் போனான் என்பதெல்லாம் வேறு காதில் விழுந்தால் ஆளைத் தூக்க வீட்டுக்கு வெள்ளை வான் வரும். ஆகவே இருபது நிமிடம் என்று வைத்தவள் டோரின்தான்.

ஆனால் ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருப்பவர் பட்டன் எதையும் அழுத்துவதில்லை. உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பவரும் எழும்பிப் போனவரும் தளத்துக்கு ஒன்றுதான். சீட்டில்லாமல் வருகிறவரின் கையில் இருப்பதை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ‘அமர்வு காலாவதியாகிவிட்டது. மீண்டும் உள்நுழைக’ என்று சொல்லும். அந்த வசனத்தை எழுதியதும் அவளேதான். அதை எழுதிய நாளில் கெட்டித்தனமாகத்தான் தெரிந்தது.

பத்தே முக்காலுக்கு அலுவலக ரெலிபோன் அடித்தது. றமீலா தேநீர் போடப் போயிருந்ததால் டோரின் எடுத்தாள்.

“நான் கொட்டாஞ்சேனையில கொமியூனிக்கேஷன் வெச்சீக்கிற ஹாஷிம். ஒங்கட தேடுற சைட் பத்திப் பேசணும். இங்க ஒரு அம்மா பதினொரு நாளா வாராங்க. எழுதி முடிச்சு அனுப்பினா வெளிய போட்டுடுது. இண்டைக்கும் அப்பிடித்தான். இப்பத்தான் எழும்பிப் போறாங்க.”

கொட்டாஞ்சேனை என்றதும் நெஞ்சு ஒருதடவை தூக்கிப் போட்டது. அம்மா கொம்பியூட்டரைத் தொட்டதே கிடையாது, போனில் மெசேஜ் வந்தால்கூட வாசிக்க ஆள் தேடுகிறவள் என்று அதை அடக்கினாள். பிள்ளையைத் தொலைத்த அம்மாமாருக்குக் கொட்டாஞ்சேனையில் என்ன குறைவு?

“பிழை எங்கட பக்கம்தான். அவவிட்ட அதைச் சொல்லுங்கோ” என்றாள்.

“சொன்னேன் மிஸ். கேக்கிறாங்க இல்ல. உள்ளுக்கு ஈக்கிறவங்க வாசிச்சுப்போட்டு ஏத்துக்கொள்றாங்க இல்லையாம். இன்னும் சரியா எழுதோணும் எண்டு செல்றாங்க. ஒவ்வொரு நாளும் புதுசா எழுதுறாங்க.”

பொலிஸிலும் அரசாங்கக் கச்சேரியிலும் கிராமசேவகரிடமும் எழுதிக் கொடுத்து, ‘இது சரியில்லை, திரும்ப எழுதிக்கொண்டு வா’ என்று விரட்டப்பட்டுப் பழகிய சனம். கொம்பியூட்டரும் அப்படித்தான் விரட்டுகிறது என்று நினைத்ததில் என்ன அதிசயம்?

“மூண்டு மணிக்கு அவவைத் திரும்பவும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுக்கிடையில நாங்கள் சரியாக்கிறம். நாலு மணியோட பட்டியல் மூடுது எண்டும் சொல்லுங்கோ.”

“ரெண்டு ஒழுங்க தள்ளித்தான் ஊடு. நானே போய் விஷயத்தைச் செல்றேன்.”

பெயரைக் கேட்க வாய்வரை வந்தது. கேட்பது விதிக்கு விரோதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. கேட்டு, வேறொரு பெயர் வந்துவிட்டால் அந்த நாளின் மிச்சத்தை எப்படிக் கடப்பது என்று தெரியவில்லை.

ஷிப்லி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

“இருவது நிமிஷம் எண்டது அவங்கட விதி, டோரின். கூட்ட ஏலா.”

“கூட்டச் சொல்லேல்ல ஷிப்லி. இருவது நிமிஷத்தில கதவு மூடட்டும். எழுதினதை ஏன் எறிய வேணும்? அதை நாங்கள் வைச்சிருந்து, ஆள் திரும்ப வந்தாக் குடுப்பம்.”

“கடைக் கொம்பியூட்டர்ல வெச்சா அடுத்தவன் பாப்பான்.”

“கடையில ஒண்டும் வைக்கிறேல்ல. நிமிஷத்துக்கொருக்கா எழுதினவரையில எங்கட சேர்வருக்கு வரும். அவவின்ர இலக்கத்துக்குக் கீழ இருக்கும். அவவின்ர பாஸ்வேர்ட் இல்லாமல் வெளியில வராது.”

ஷிப்லி தாடியைத் தடவினார். பிறகு தொண்டு நிறுவனத்துக்குப் போன் எடுத்து இங்கிலீஷில் அரை மணித்தியாலம் கெஞ்சினார். “செய்யுங்க எண்டு செல்றாங்க. ஆனா ரெண்டு மணிக்கு முந்தி முடிக்கணும்” என்றார்.

பன்னிரண்டு மணிக்குள் செய்துவிட்டாள். றமீலா அதைத் திறந்து நாலு வரி எழுதி, அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு திறந்தபடி கிடக்கிறது.

“டோரின், இது மூடவே இல்லியே. யாரும் வந்து வாசிச்சீக்கலாம்.”

டோரின் பதிவைத் திறந்து பார்த்தாள். நிமிடத்துக்கு ஒருமுறை எழுத்து வந்து சேரும்போதெல்லாம், ஆள் இருக்கிறார் என்று தளம் எண்ணிச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆளே இல்லாத கதிரைக்கு! எறிந்ததைக் காப்பாற்றப் போய், மறைக்கவேண்டியதைத் திறந்துவிட்டாள். சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே உட்கார்ந்தாள். எழுத்து வந்து சேரட்டும், அதை ஆள் இருப்பதற்குச் சாட்சியாக எண்ணக் கூடாது என்று இரண்டையும் பிரித்துக் கட்டினாள். நேரம் முடிந்ததும் எழுதியது திரையிலிருந்து மறைய வேண்டும். பாஸ்வேர்ட் கொடுத்தால் அதே பக்கத்தில், அதே வரியில் கொண்டுபோய் விட வேண்டும்.

கடைசியாக அந்த வசனம். ‘காலாவதி’ என்பதை அழித்தாள். அது மருந்துப் போத்தலுக்குச் சொல்கிற சொல், மனிசருக்கு அல்ல. கொஞ்சநேரம் யோசித்தாள். யாரென்று தெரியாத அந்த அம்மா நேரே முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினாள்.

‘நேரம் முடிந்துவிட்டது. பிழை உங்களுடையதல்ல. நீங்கள் எழுதியது பத்திரமாக இருக்கிறது. பாஸ்வேர்டைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து எழுதலாம்.’

றமீலா திரும்பவும் சோதித்தாள். இந்தமுறை சொன்னபடி மூடியது, சொன்னபடி திறந்தது. ஒன்று ஐம்பத்தைந்துக்குத் தளத்தில் ஏற்றினார்கள்.

மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு 417 வந்தது. மூன்றாம் பக்கம். நிமிடத்துக்கொருமுறை எழுத்து வந்து சேர்வதைப் பதிவு காட்டிக்கொண்டிருந்தது. என்ன எழுத்து என்று டோரின் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியைத் திறக்கிற சாவி அவள் கையில் இருந்தும் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு மனிசி உயிரோடு இருந்து எழுதுகிறாள் என்று தெரிவதே போதுமாக இருந்தது. பதின்மூன்று மாதத்தில் இவ்வளவு நேரம் அவள் யாரோடும் சேர்ந்து இருந்ததில்லை.

மூன்று இருபத்திரண்டுக்கு நேரம் முடிந்தது. கதவு மூடியது. புது வசனம் திரைக்குப் போயிற்று.

இனிப் பாஸ்வேர்ட் வரவேண்டும். வரவில்லை. மூன்று முப்பது. வரவில்லை. மூன்று நாற்பது. வரவில்லை. டோரின் ஹாஷிமின் கடைக்குப் போன் எடுத்தாள்.

“அந்த அம்மா போயிட்டாவோ?”

“இல்ல மிஸ், ஈக்கிறாங்க. திரையப் பாத்துப் பாத்து அழுதுக்கிட்டு ஈக்கிறாங்க. நான் கேட்டா ஒண்டும் செல்றாங்க இல்ல. இந்தாங்க, நீங்களே பேசிப் பாருங்க.”

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது.

“ஹலோ” என்றாள் அந்த அம்மா.

ஒரு சொல் போதாதா?

“அம்மா” என்றாள் டோரின்.

அந்தப் பக்கம் மூச்சு இழுபட்டது. “டோரினே?”

“ஓம்.”

“இப்பவாவது உனக்கு மனம் வந்துதே.” புளோறன்ஸ் மூக்கைத் துடைத்தாள். “பத்து நாளாய் நான் எழுதினதையெல்லாம் எறிஞ்சு என்னை வெளியில விட்டனீ. இண்டைக்குக் காலமையும் விட்டனீ. சரி, அவளுக்கு இன்னும் ஆறேல்ல, இன்னும் விபரமாய் எழுதுவம் எண்டுதான் வந்தனான். இப்பதான் பிழை என்ர இல்லையெண்டு எழுதிவிட்டிருக்கிறாய்.”

டோரினுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

“நான்தான் வாசிக்கிறன் எண்டு ஆர் அம்மா சொன்னது?”

“ஆர் சொல்ல வேணும்? கவரில உன்ர கையெழுத்து. அந்தப் பக்கத்துக்கு அடியில உங்கட கொம்பனிப் பேர். உள்ளுக்கு நீதானே இருக்கிறாய்.”

நண்பர்களே, ஒரு பொய் சொன்னால் போதும். ‘ஓம் அம்மா, நான்தான் எழுதினனான்’ என்றால் பதின்மூன்று மாதம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இன்று இரவே கொட்டாஞ்சேனையில் சாப்பிடலாம். டோரினின் நாக்கு அதைச் சொல்லத் துடித்தது. ஆனால் அம்மா எழுதியது என்ன என்று அவளுக்குத் தெரியாது. வாசிக்காத ஒன்றை மன்னித்ததாக எப்படித் தலையாட்டுவது?

“அம்மா, அது எல்லாருக்கும் வாற வசனம். நேரம் முடிஞ்சா கொம்பியூட்டர் தானாய்க் காட்டும். உங்களை வெளியில விட்டதும் அதுதான். நீங்கள் எழுதினதை ஒருத்தரும் வாசிக்கேல்ல.”

“நீ வாசிக்கேல்லையோ?”

“இல்லை.”

“ஒருநாளும்?”

“ஒருநாளும் இல்லை அம்மா. வந்து சேரவே இல்லை.”

பின்னால் யாரோ ஹாஷிமிடம் போன் கார்ட் கேட்பது கேட்டது.

“அப்ப உனக்கு ஒண்டும் தெரியாது” என்றாள் புளோறன்ஸ். குரல் முழுதும் இறங்கிவிட்டது.

மணி மூன்று நாற்பத்தாறு. “அம்மா, அதைப் பிறகு கதைப்பம். பாஸ்வேர்டை அடியுங்கோ. எழுதினது அப்பிடியே வரும்.”

ஒரு விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தட்டு, ஒரு இடைவெளி, இன்னொரு தட்டு. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுகிற அந்த இடைவெளிகளில் டோரின் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இதைக் கற்றுக்கொள்ள அம்மாவுக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும்? யாரிடம் கேட்டிருப்பாள்?

“வந்திட்டுது” என்றாள் புளோறன்ஸ் மெதுவாக. “முழுக்க இருக்குது. கடைசிச் சொல்லுகூட இருக்குது.”

“அனுப்புங்கோ.”

“இல்லை. ஊரான் வாசிக்க முதல் நீ கேள்.”

“அம்மா, நேரம் போகுது.”

“போகட்டும். கேள்.”

புளோறன்ஸ் வாசித்தாள். பூசையில் வாசகம் வாசிக்கிறவளைப் போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தாள்.

“மகன் கடைசியாகப் பேசிய திகதி, இரண்டாயிரத்து எட்டு, ஆகஸ்ட் பதின்மூன்று.”

“பிழை அம்மா. அது போன வருஷம் செப்டெம்பர்.”

“குறுக்க கதையாதை.” தொடர்ந்தாள். “அன்று புதன்கிழமை. பின்னேரம் வீட்டுப் போனுக்கு எடுத்தான். என் சுகத்தைக் கேட்கவில்லை. அக்காவுடைய நம்பர் மாறிவிட்டது, புதுநம்பரைத் தாங்கோ, அவசரம் என்றான். நம்பர் என்னிடம் இருந்தது. அவளுடைய மாமி எழுதித் தந்தது. எனக்குக் கோபம் வந்தது. பெத்தவள் நான் இருக்க அவளை ஏன் கேட்கிறாய், முதலில் என்னோடு கதை என்றேன். அவன் திரும்பவும் நம்பரைத்தான் கேட்டான். அவள் இங்கே இல்லை, அவளைப் பற்றி என்னிடம் கேட்காதே என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது. பிறகு எடுக்கவில்லை. இதை நான் மகளுக்குச் சொல்லவில்லை. பாதருக்கும் சொல்லவில்லை.”

டோரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தம்பி ஆகஸ்டில் உயிரோடு இருந்திருக்கிறான். அந்தச் சந்தோஷம் உடம்பெல்லாம் ஏறியது. ஏறிய வேகத்திலேயே ஆத்திரமும் ஏறியது. எது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“அம்மா, மூணு அம்பத்தஞ்சு” என்று கடைக்குள் ஹாஷிமின் குரல்.

“அனுப்புங்கோ அம்மா.”

“நீ ஒண்டும் சொல்லேல்லையே.”

“முதல்ல அனுப்புங்கோ.”

மூன்று ஐம்பத்தாறுக்கு 417இன் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. ஏற்கப்பட்டது. பாங்கொக் பட்டியலில் கிளெமென்ற் இருந்தான். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த றமீலா டோரினின் தோளில் கையை வைத்தாள். என்னவென்று கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

“அனுப்பியாச்சு” என்றாள் புளோறன்ஸ். “இப்ப சொல்லு.”

“ஏன் என்னைக் கேட்டவன், அம்மா? என்ன அவசரமாம்?”

“அதை நான் கேக்கேல்ல பிள்ளை. கேக்க விடேல்ல என்ர கோபம். ‘அக்காவுக்கு மட்டும்தான் சொல்லேலும்’ எண்டு மட்டும் சொன்னவன்.”

மூன்று மாதம். றேடியோவைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போன மூன்று மாதம். தன்னைத் தேட உலகத்தில் ஒருவரும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த மூன்று மாதமும், எங்கோ ஒருவன் அவளுடைய நம்பருக்காக அலைந்திருக்கிறான்.

“டோரின்? லைனில இருக்கிறியே, பிள்ளை?”

இருந்தாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். வாயைத் திறந்தால் மன்னிப்பு வருமா, வேறு ஏதாவது வருமா என்று அவளுக்கே தெரியவில்லை.